கஷ்டகாலத்தில் சாமியிடம் போவது எப்படி? கொங்குநாட்டில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

தறிக்கூலி இறங்கிவிட்டது, போர்வெல் வற்றிவிட்டது, பனியன் கம்பெனியில் ஆர்டர் இல்லை, ஆஸ்பத்திரிச் செலவு கைமீறிப் போய்விட்டது, வீட்டில் ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்படி ஏதாவது ஒன்று நடந்த பிறகுதான் நம்மில் பலர் கோயில் பக்கம் திரும்பிப் பார்க்கிறோம். கூடவே ஒரு கூச்சமும் வரும். "நல்லா இருந்தப்ப எட்டிப் பார்க்கலை, இப்ப எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போறது?" இந்தக் கூச்சம் வேண்டியதே இல்லை. கஷ்டம் வந்த பிறகு வந்தவர்கள்தான் கோயில் வரிசையில் பாதிப் பேர்.

கொங்கில் தேவாரப் பாடல் பெற்ற ஊர்கள் ஏழு: கரூர், வெஞ்சமாக்கூடல், கொடுமுடி, பவானி, திருச்செங்கோடு, திருமுருகன்பூண்டி, அவிநாசி. இவற்றில் மூன்று ஊர்களின் கதையில் ஒரு கஷ்டகாலம் இருக்கிறது. பூண்டியில் வழிப்பறி, செங்கோட்டில் குளிர்க்காய்ச்சல், அவிநாசியில் பிள்ளையைப் பறிகொடுத்த வீடு. சண்டை போட்டும், வழி தேடியும், அழுதும்தான் இந்த ஊர்களில் பாட்டுப் பிறந்திருக்கிறது. புதிதாக வருகிறவரும் அதே வழியில் போகலாம் என்பது என் எண்ணம். மனசு அமைதியான பிறகு சாமி கும்பிடலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராது.

நான் சிவன் கோயில், அம்மன் கோயில் பழக்கத்தில் வளர்ந்தவன். அதனால் அதை வைத்தே எழுதுகிறேன். தேவாலயத்துக்கோ பள்ளிவாசலுக்கோ போகிறவர்கள் தங்கள் வழக்கத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

முதலில், பக்கத்துக் கோயில்

கஷ்டம் வந்ததும் காசி, ராமேசுவரம், திருப்பதி என்று கிளம்பிவிட வேண்டாம். காசு செலவாகும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், மனசு சரியில்லாத நாளில் செருப்பை மாட்டிக்கொண்டு பத்து நிமிஷத்தில் போய் உட்கார ஓர் இடம் வேண்டும். அதற்கு உங்கள் வீதிப் பிள்ளையாரும் ஊர் மாகாளியம்மனும் போதும். தோட்டத்தில் குடியிருப்பவர்களுக்குக் கருப்பராயனோ கன்னிமாரோ பக்கத்திலேயே இருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை, பிரதோஷம், கிருத்திகை, அமாவாசை நாட்களில் கூட்டம் இருக்கும், உட்கார விடமாட்டார்கள். செவ்வாய் தவிர்த்த வாரநாளில் சாயங்காலம் போங்கள். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். முதல் நாள் தேங்காய், பழம், பூமாலை எதுவும் தேவையில்லை. அர்ச்சனைச் சீட்டு வாங்கியே தீரவேண்டும் என்பதும் இல்லை. வாங்கினால், "தமிழ்ல பண்ணுங்க சாமி" என்று கேட்கலாம். 2021-இல் அறநிலையத்துறை தமிழ் அர்ச்சனைத் திட்டத்தைத் தொடங்கியது. பெரிய கோயில்களில் அதற்கான பலகையே வைத்திருக்கிறார்கள். நட்சத்திரம் தெரியாதவர்கள் "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்று சொன்னால் போதும். அதுவும் வழக்கத்தில் உள்ளதுதான்.

கும்பிட்டுவிட்டுச் சுற்றி வந்தபின் உடனே கிளம்பாதீர்கள். பிராகாரத்தில் ஓரமாக உட்காருங்கள். போனை எடுக்காதீர்கள். முதல் இரண்டு மூன்று தடவை ஒன்றும் தோன்றாது. கடன்காரன் முகமும் கரண்ட் பில்லும்தான் நினைவுக்கு வரும். வரட்டும். உட்கார்ந்த இடத்தில் அது வருவதே நல்லது. அதை வைத்துக்கொண்டுதான் அடுத்த வேலை.

குறையை வாய்விட்டுச் சொல்வது

"கடவுளைக் குறை சொல்லக் கூடாது" என்று நமக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். திருமுருகன்பூண்டிக்குப் போனால் அந்தப் பாடம் செல்லாது.

அவிநாசியிலிருந்து திருப்பூர் போகும் வழியில், கல் சிற்பக்கூடங்களின் உளிச்சத்தத்துக்கு நடுவே இருக்கிறது அந்த ஊர். சேர அரசர் சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பிய பொன்னும் பொருளுமாக, தேவாரம் பாடியவர்களில் ஒருவரான சுந்தரர் வருகிறார். வேடர்கள் வழிமறித்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்கிறார்கள். அந்த வேடர்கள் சிவனுடைய பூதகணங்கள்தான் என்பது கதை. சுந்தரர் நேராகக் கோயிலுக்குப் போகிறார். போய், "எல்லாம் உன் சித்தம்" என்று சொல்லவில்லை. மிரட்டி, குத்தி, உடுத்தியிருக்கிற துணியைக்கூடப் பறித்துக்கொள்கிற ஊர் இது. இங்கே அம்மனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீர் எதற்காக உட்கார்ந்திருக்கிறீர் என்று கேட்கிறார். "எத்துக்கு இங்கிருந்தீர் எம்பிரானீரே" என்று பாட்டுக்குப் பாட்டு இதே கேள்வி. காவல் இல்லாத ஊரில் உனக்கென்ன வேலை என்று ஒரு பக்தன் தன் சாமியைக் கேட்கிறான், அதைத் திருமுறை என்கிற சைவப் பாட்டுத் தொகுப்பில் சேர்த்து இன்றைக்கும் ஓதுகிறார்கள். பறிபோன பொருள் திரும்பி வந்தது என்பது கதையின் முடிவு. நமக்கு அந்த முடிவைவிடக் கேள்விதான் முக்கியம்.

நீங்களும் கேளுங்கள். எப்படிக் கேட்பது?

ஒன்று, விவரமாகக் கேளுங்கள். "எல்லாமே கஷ்டமா இருக்கு சாமி" என்றால் அது பெருமூச்சு. அதைப் பிடித்துக்கொண்டு எங்கேயும் போக முடியாது. "மாசம் பதினெட்டாயிரம் வட்டி கட்டணும், கைக்கு வர்றது பன்னெண்டு. ரெண்டாவது பொண்ணு காலேஜ் பீஸ் வைகாசிக்குள்ள கட்டணும். எங்கண்ணன் பங்கைக் குடுக்க மாட்டேங்கறான்" என்று சொன்னால் அது முறையீடு. வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்கள் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதலாம். தேதி போட்டு எழுதுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம்.

இன்னொன்று, சாமியை "நீ" என்றே கூப்பிடுங்கள். நம் அம்மாயிமார் எல்லாரும் அப்படித்தான் பேசினார்கள். "ஏஞ்சாமி, உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று மாரியம்மன் முன்னால் முந்தானையை விரித்துக் கேட்ட கிழவிகளின் பக்தியில் யாரும் குறை சொல்ல முடியாது. தேவாலயத்துக்குப் போகிறவர்களுக்கும் இது புதிதல்ல. "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்றுதான் 22-ஆம் சங்கீதம் தொடங்குகிறது.

உங்கள் கஷ்டம் ஒருவர் செய்த அநியாயத்தால் வந்ததென்றால் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலைச் சொல்ல வேண்டும். பொள்ளாச்சிக்குப் பக்கம். அம்மன் படுத்த கோலத்தில் இருக்கிறாள். ஏமாற்றப்பட்டவர்கள், திருட்டுக் கொடுத்தவர்கள், கைவிடப்பட்டவர்கள் அங்கே அம்மியில் வரமிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுகிறார்கள். அரைக்கும்போது கண்ணும் கையும் எரியும். எத்தனையோ பேர் அந்த எரிச்சலைச் சாக்கு வைத்து, மாதக்கணக்காக அடக்கி வைத்திருந்த அழுகையை அங்கே அழுது தீர்க்கிறார்கள். மிளகாயை அப்பி முடித்தவுடன் நியாயம் கேட்கும் பொறுப்பு அம்மனுடையது, உங்களுடையது அல்ல. வீட்டுக்கு வந்து மறுபடி அந்த ஆளை நினைத்துப் பல்லைக் கடிப்பதற்கு அவசியம் இல்லை. வரப்புத் தகராறில் பங்காளி நாசமாய்ப் போகட்டும் என்று அரைக்கப் போகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு இந்தக் கட்டுரை பயன்படாது.

முறையீட்டின் கடைசியில் ஒரே ஒரு காரியம் கேளுங்கள், இந்த வாரத்துக்கு மட்டும். "கடனெல்லாம் தீரணும்" என்று கேட்காமல், "செவ்வாய்க்கிழமை அந்த ஆளைப் பார்க்கப் போறேன், பேச வாய் வரணும்" என்று கேளுங்கள். இப்படிச் சின்னதாகக் கேட்டால், நடந்ததா இல்லையா என்பது அடுத்த வாரமே தெரியும். நம்பிக்கை என்பது அப்படிச் சின்னச் சின்னதாகத்தான் ஊறும்.

கும்பிட்ட கையோடு வழி தேடுவது

திருச்செங்கோட்டுக் கதை இந்த இடத்தில் வேண்டும். தேவாரத்தில் அந்த ஊருக்குக் கொடிமாடச்செங்குன்றூர் என்று பெயர். தேவாரம் பாடிய இன்னொருவரான ஞானசம்பந்தர் அடியார்களோடு தங்கியிருந்தபோது பனிக்காலம் வந்தது. கூட வந்தவர்களுக்குக் குளிர்க்காய்ச்சல். இந்தப் பக்கத்துக்கு இது வாடிக்கைதான் என்றாலும் நம்மைத் தீண்டக் கூடாது என்று சம்பந்தர் பாடியது திருநீலகண்டப் பதிகம். அதன் முதல் பாட்டிலேயே ஒரு குத்தல் இருக்கிறது. இன்ன வினைக்கு இன்ன பலன் என்று பேசிக்கொண்டிருக்கிறீர்களே, தப்பிக்கிற வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்குத்தானே குறை? "உய்வினை நாடாது இருப்பதும் உந்தமக்கு ஊனமன்றே." அடுத்த வரியில், கையால் பணி செய்து எம்பிரான் காலைப் போற்றுவோம் என்கிறார்.

"எல்லாம் எங்க கர்மம்" என்று உட்கார்ந்துவிடுவதைத்தான் அவர் ஊனம் என்கிறார். ஆகவே கோயிலிலிருந்து வெளியே வந்ததும் அந்த வாரத்து வேலையைச் செய்ய வேண்டும்.

கந்துவட்டி என்றால் அதற்குத் தமிழ்நாட்டில் 2003 முதல் தடைச் சட்டம் இருக்கிறது. திங்கட்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள் கூட்டம். திங்கட்கிழமை சோமவாரமும் கூட. காலையில் சிவன் கோயில், பத்து மணிக்கு மனுவோடு கலெக்டர் ஆபீஸ் என்று வைத்துக்கொண்டால் பஸ் செலவு ஒரே நாளில் முடியும். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணில் கேட்கலாம்.

உடம்புக்கு என்றால் ஆஸ்பத்திரி. மனசுக்கு என்றாலும் ஆஸ்பத்திரிதான். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. திருமுருகன்பூண்டியிலேயே மனநலம் குன்றியவர்களைக் கூட்டி வந்து ஒரு மண்டலம் தங்கித் தீர்த்தத்தில் குளிப்பாட்டும் வழக்கம் உண்டு. அந்த நம்பிக்கையை நான் குறைத்துப் பேசவில்லை. காலையில் குளியல், கோயில், நேரத்துக்குச் சாப்பாடு, கூட ஒரு மனுஷர் என்று நாற்பத்தெட்டு நாள் இருந்தால் யாருக்கும் நல்லதுதான். ஆனால் டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு அதைச் செய்யக் கூடாது. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, செத்துப்போய்விடலாம் என்று தோன்றுகிறது என்றால் அடுத்த பிரதோஷம் வரைக்கும் காத்திருக்காதீர்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். டெலி மனாஸ் என்கிற அரசு மனநல உதவி அது. இலவசம், இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கிறது. அப்படிப்பட்ட நிலையில் இருப்பவர் உங்கள் வீட்டில் ஒருவர் என்றால், தனியாக விடாமல் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.

புதிதாக வருகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் பரிகாரம். கஷ்டத்தில் இருக்கிறவன் முகம் தூரத்திலேயே தெரிந்துவிடும். அந்த முகத்தைப் பார்த்தே விலை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தோஷம், செய்வினை, மாந்திரீகம் என்று பயமுறுத்தி, இத்தனை ஆயிரம் கட்டினால் கழித்துத் தருகிறேன் என்பவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். நான் சொல்லும் கணக்கு எளிது: கடன் வாங்கிச் செய்கிற பரிகாரம் எதுவும் வேண்டாம். எள் எண்ணெய் விளக்கு ஒன்று ஏற்றக் கையில் இருக்கிற காசு போதும்.

பூ போட்டுக் கேட்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக மடித்துச் சாமி காலடியில் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது நம் பக்கத்தில் பழைய வழக்கம். இரண்டு நல்ல வரன்களில் எது என்று தடுமாறும்போது கேட்கலாம். ஆபரேஷன் செய்வதா வேண்டாமா, காட்டை விற்பதா வேண்டாமா என்பதையெல்லாம் பூவிடம் விடக் கூடாது. அதற்குத்தான் டாக்டரும் விவரம் தெரிந்த பெரியவர்களும் இருக்கிறார்கள்.

நாக்குக்கு ஒரு பழக்கம்

சுந்தரர் பாட்டுகள் அடங்கியது ஏழாம் திருமுறை. அதில் பூண்டிப் பதிகத்துக்கு எண் 49. அதற்கு முந்தையது, 48, கொடுமுடிப் பதிகம். இரண்டும் ஒரே பண் (ராகம்), பழம்பஞ்சுரம். ஒன்றில் "நீர் எதற்கு இங்கே உட்கார்ந்திருக்கிறீர்" என்று சண்டை. மற்றதில், "நற்றவா உனை நான் மறக்கினும் சொல்லும் நா நமச்சிவாயவே." நான் உன்னை மறந்துபோனாலும் என் நாக்கு உன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும் என்கிறார். இரண்டையும் பாடியது ஒரே ஆள்.

கஷ்டகாலத்தில் மனசு ஒத்துழைக்காது என்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது. பக்தி, உருக்கம், கண்ணீர் எல்லாம் வருகிற நாளில் வரும். வராத நாளுக்கு நாக்கில் ஏதாவது இருக்க வேண்டும். ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்து கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும்போது புதிதாக எதையும் யோசித்துப் பிரார்த்தனை செய்ய முடியாது. அப்போது வாய்க்கு வருவது, பகலில் சொல்லிப் பழகியதுதான்.

ஆகவே ஏதாவது ஒன்றை மனப்பாடம் செய்யுங்கள். சஷ்டி கவசம் ஏற்கெனவே தெரியும் என்றால் அதுவே போதும், புதிதாகத் தேட வேண்டாம். ஒன்றும் தெரியாதவர்கள் கொடுமுடிப் பதிகத்தில் தொடங்கலாம். வாரத்துக்கு ஒரு பாட்டு. வெறும் நாலு வரிதான். திங்கட்கிழமை முதல் வரியை ஒரு அட்டையில் எழுதிச் சமையலறையில் ஒட்டிவிடுங்கள். பால் பொங்குவதற்குள் பத்துத் தடவை சொல்லிவிடலாம். கம்பெனி வேனில் போகிறவர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து முணுமுணுக்கலாம். தறிக்குடோனில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அந்தச் சத்தத்தில் வாய்விட்டுப் பாடினாலும் பக்கத்துத் தறிக்காரருக்குக் கேட்காது, சுருதி பிசகினாலும் வெட்கம் இல்லை.

ராகம் பிடிபடவில்லை என்றால் பூஜை நேரத்தில் பெரிய கோயிலுக்குப் போய் ஓதுவார் பாடுவதைக் கேளுங்கள். "ஐயா, இந்தப் பாட்டை எப்படிங்க எடுக்கறது?" என்று கேட்டால் நின்று சொல்லிக் கொடுக்கிறவர்கள் நிறையப் பேர். கேட்க ஆளில்லையே என்பதுதான் அவர்களுடைய குறை. கொடுமுடிக்கே போவதென்றால் ஈரோடு – கரூர் ரயிலில் இறங்கிவிடலாம். சிவன், பெருமாள், பிரம்மா மூவரும் ஒரே வளாகத்தில். பிரம்மா இருக்கும் வன்னி மரத்தடியில் உட்கார்ந்து, தெரிந்த வரையில் சொல்லிப் பாருங்கள்.

நாலு பேரோடு இருப்பது

சந்தோஷம் என்ற சொல்லை இதுவரை நான் எடுக்கவில்லை. கஷ்டத்தில் இருப்பவரிடம் "சந்தோஷமா இருங்க" என்றால் அடிக்கத்தான் வருவார். தனியாக உட்கார்ந்து அதை வரவழைக்க முடியாது என்பதுதான் காரணம். கூட்டத்தில் அது தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

எனக்குத் தெரிந்த வரையில் சீக்கிரம் பலன் தருவது உழவாரப்பணி. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு பழைய கோயிலுக்குப் போய்ச் சுத்தம் செய்கிற குழுக்கள் நம் பக்கத்தில் ஊருக்கு ஊர் இருக்கின்றன. கோயில் அறிவிப்புப் பலகையிலோ அர்ச்சகரிடமோ விசாரித்தால் தெரியும். போனதும் உங்கள் கையில் ஒரு துடைப்பமோ கொத்தோ கொடுப்பார்கள். "என்னங்க, முகமே சரியில்லையே" என்று யாரும் துருவ மாட்டார்கள். விளக்கு மேடையில் வருஷக்கணக்காக இறுகிப்போன எண்ணெய்ப் பிசுக்கை முதலில் கரண்டியால் சுரண்ட வேண்டும். அப்புறம் அரப்புத்தூளைத் தூவித் தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும். கருப்பாகப் பசை பசையாக உருண்டு வரும். நாலாவது வாளித் தண்ணீர் ஊற்றும்போது அடியில் இருக்கிற கருங்கல் தெரியும், சில நேரம் அதில் ஒரு மீனோ பூவோ செதுக்கியிருக்கும். "இங்க பாருங்க!" என்று நீங்களே கத்துவீர்கள். பக்கத்தில் இருப்பவர்கள் ஓடி வருவார்கள். அந்தக் கொஞ்ச நேரம் வட்டிக்காரன் நினைவில் இருக்க மாட்டான். அப்புறம் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து தக்காளி சாதம்.

வள்ளி கும்மி, ஒயிலாட்டம் பழகும் குழுக்கள் இப்போது எங்கும் இருக்கின்றன. வயசு பார்க்க வேண்டாம். பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துப் பழனிக்குப் போகிற கூட்டத்தோடு ஒரு நாள் நடந்து பாருங்கள். தைப்பூசப் பாதயாத்திரைக்காரர்களுக்கு வழியோரத்தில் மோர் ஊற்றிக் கொடுக்கிற பந்தலில் நின்றாலும் சரி, கால் வலிக்காரர்களுக்குத் தைலம் தேய்த்துவிட்டாலும் சரி. கஷ்டத்தில் இருப்பவர் கை, வாங்கிக்கொண்டே இருந்தால் கூசிப்போகும். ஒரு தம்ளர் மோராவது கொடுக்கிற பக்கம் நிற்பது அதற்கு மருந்து.

சாப்பாட்டுக்கே திண்டாட்டம் என்றால் கோயில் அன்னதானத்தில் உட்காரத் தயங்காதீர்கள். 2002 முதல் கோயில்களில் அரசு நடத்துகிற திட்டம் அது. பந்தியில் பக்கத்து இலையில் கார் வைத்திருக்கிறவரும் உட்கார்ந்திருப்பார். அங்கே எல்லாருக்கும் அது பிரசாதம்தான்.

திரும்பி வராததைப் பற்றி

ஆளை இழந்தவர்களுக்கு மேலே சொன்னது பாதிதான் பொருந்தும். அவர்களுக்கு அவிநாசிக் கதையை யாரும் அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. முதலை விழுங்கிய பிள்ளையை வருஷங்கள் கழித்துச் சுந்தரர் பாடி மீட்டார், "கரைக்கால் முதலையைப் பிள்ளை தரச்சொல்லு காலனையே" என்று கேட்டதும் முதலை கொண்டுவந்து விட்டது என்ற கதை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் இதைச் சொன்னால், "அப்ப என் பிள்ளை மட்டும் ஏன் வரலை?" என்றுதான் அவள் கேட்பாள். நியாயமான கேள்வி. நம்மிடம் பதில் கிடையாது.

ஆனால் அதே கதையில் அற்புதத்துக்கு முன்னால் ஒரு சின்ன இடம் உண்டு. பெரியபுராணத்தில் வருகிறது. சுந்தரர் வீதியில் வருகிறார். ஒரு வீட்டில் பிள்ளைக்குப் பூணூல் கல்யாணம், மங்கல ஒலி. எதிர்வீட்டில் அழுகைச் சத்தம். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வயது, ஒன்றாகக் குளிக்கப் போனவர்கள், ஒருவன்தான் கரையேறினான். எதிர்வீட்டு விசேஷம் இந்த வீட்டுக்காரர்களுக்குத் தங்கள் பிள்ளைக்கும் இந்நேரம் நடந்திருக்குமே என்று நினைவூட்டுகிறது. வந்திருப்பது சுந்தரர் என்று தெரிந்ததும் அந்த அப்பாவும் அம்மாவும் அழுகையை நிறுத்திவிட்டு, முகம் மலர்ந்து ஓடிவந்து கும்பிடுகிறார்கள். பிள்ளை போன துயரத்தை மறந்து, நான் வந்ததற்காக இவர்கள் சந்தோஷப்படுகிறார்களே என்று சுந்தரர் உருகிப்போகிறார். பிள்ளையை மீட்டுக் கொடுக்காமல் அவிநாசியப்பரைக் கும்பிட மாட்டேன் என்று அவர் தாமரைக்குளத்துப் பக்கம் நடப்பது அதற்கப்புறம்தான்.

பிள்ளை திரும்பி வருவதற்கு முன்னாலேயே அந்த வீட்டில் ஒரு சந்தோஷம் வந்துபோயிருக்கிறது. அழுத கண்ணோடு. இதை நான் எத்தனை தடவை படித்தாலும் அந்த இடத்தில் நின்றுவிடுவேன். துக்கம் தீர்ந்தால்தான் சிரிக்கலாம் என்று ஒரு சட்டமும் இல்லை. கருமாதி முடிந்த வீட்டில் பேத்தி செய்கிற சேட்டைக்கு எல்லாரும் சிரித்துவிட்டு, உடனே குற்றவாளிகள் மாதிரி முகத்தை மாற்றிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். மாற்றிக்கொள்ள வேண்டாம்.

காரியமாகச் செய்யக்கூடியவை சில உண்டு. துக்க வீட்டுக்காரர்கள் எத்தனை நாள் கோயிலுக்குப் போகக் கூடாது, மலைக்கோயிலுக்கு எத்தனை மாதம் கூடாது என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். உங்கள் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் விளக்கு ஏற்றுவதையும் பாட்டுச் சொல்வதையும் பெரும்பாலும் யாரும் தடுப்பதில்லை. பவானி கூடுதுறைக்கு அமாவாசையன்றோ ஆடிப் பதினெட்டன்றோ போய் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வரலாம். படித்துறையில் உங்களைப் போலவே ஈரத்துணியோடு நிற்கிற எத்தனையோ பேரைப் பார்க்கும்போது தனியாக விடப்பட்டோம் என்ற எண்ணம் கொஞ்சம் விலகும். இறந்தவருக்குப் பிடித்த பலகாரத்தை அவர் நினைவு நாளில் செய்து நாலு பேருக்குக் கொடுங்கள். ஒப்புக்கு ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்றால் பதில் சொல்லிச் சிரமப்படாமல் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வேண்டுதல் வைப்பதும் முடிப்பதும்

வேண்டுதல் வைக்கும்போது நிதானம் வேண்டும். அழுகிற நேரத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, அப்புறம் அதை முடிக்க முடியாமல் பயந்துகொண்டே இருக்கிறவர்கள் உண்டு. தங்கத் தொட்டில், வெள்ளி வேல் எல்லாம் பேச வேண்டாம். மாவிளக்கு, மொட்டை, ஒரு நாள் அன்னதானத்துக்கு அரிசி, பத்துக் கிலோமீட்டர் நடை என்று உங்கள் உடம்பும் கையிருப்பும் தாங்குகிற அளவில் பேசுங்கள். பெண்டாட்டியையோ பிள்ளையையோ கேட்காமல் அவர்கள் சார்பில் தீ மிதிப்பதாக வேண்டிக்கொள்ளாதீர்கள். பண்ணாரியில் குண்டம் இறங்குவது அவரவர் மனசுக்கும் உடம்புக்கும் உட்பட்ட காரியம்.

இப்போதைக்கு முடிக்க வசதியில்லை என்றால் மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து சாமி படத்தடியில் வைப்பது வழக்கம். வசதி வந்ததும் அந்தக் காசையும் சேர்த்துக் கொண்டுபோய் முடிப்பார்கள். அப்படி முடிந்து வைக்கும்போது துணிக்குள் ஒரு துண்டுச் சீட்டும் போடுங்கள்: எந்தக் கோயில், என்ன வேண்டுதல், யார் பேரில், என்ன தேதி. பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது அலமாரியிலிருந்து மூன்று நாலு மஞ்சள் முடிச்சு கிடைத்து, இது பழனிக்கா, சிவன்மலைக்கா, குலதெய்வம் காணியாச்சிக்கா என்று தெரியாமல் வீடே முழிப்பது நம் பக்கத்தில் சகஜம். அந்த மாதிரி கணக்குத் தெரியாத முடிச்சு ஏற்கெனவே இருந்தால், அடுத்த தடவை குலதெய்வக் கோயிலுக்குப் போகும்போது உண்டியலில் போட்டுவிடலாம்.